மாடித்தோட்டம்: சென்னையில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

சென்னையின் மொட்டை மாடி, பால்கனிகளை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. கடலோர ஈரப்பதம், உப்பேறிய போர் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை, சித்திரை வெயில் என்று இந்த ஊருக்கே உரிய சிக்கல்கள் உண்டு. கோவை, மதுரை வாசகர்கள் விதைக்கும் பட்டத்தையும் தண்ணீர் அளவையும் சற்று மாற்றிக்கொண்டால் மற்றவை பொருந்தும்.

தோட்டம் தொடங்கும் முன் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். வயலில் வேர் தனக்கு வேண்டியதைத் தேடிப் போகும். மாடியில் செடி வைக்கும் பையில் அதற்குப் போக இடமில்லை. 18 லிட்டர் மண்ணுக்குள்தான் அதன் தண்ணீர், சத்து, காற்று, குளிர்ச்சி எல்லாம். கீழே வரும் பெரும்பாலான பிரச்சினைகளுக்கு வேர் இதுதான்.

எங்கள் மொட்டை மாடி எவ்வளவு எடை தாங்கும்?

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் எடுத்து வடிவமைக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 875 (பகுதி 2) என்ற இந்தியத் தர விதி. ஆள் ஏறாத கூரை என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தால் அதில் பாதிதான்.

இதைப் பைக் கணக்காகப் பாருங்கள். 12×12 அங்குலப் பையில் (விட்டம் 12, உயரம் 12) மேலே இரண்டு அங்குலம் விட்டால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். மண் கலந்த கலவை நனைந்தால் 18 முதல் 20 கிலோ. சதுர மீட்டருக்குப் பத்துப் பையை நெருக்கி வைத்தால் 200 கிலோ, விதியைத் தாண்டிவிட்டது. நான்கைந்து பை என்றால் 100 கிலோவுக்குள் அடங்கும். நீங்கள் நடக்கவும் இடம் கிடைக்கும், செடிக்கும் காற்று கிடைக்கும்.

18×18 பை நனைந்தால் 65 கிலோவுக்கு மேல் போகும். பப்பாளி, எலுமிச்சை வைக்கும் பாதி டிரம் 100 கிலோ. இவற்றை ஸ்லாபின் நடுவில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்துச் சுவரும் பீமும் எந்தக் கோட்டில் போகின்றன என்று பார்த்து அதற்கு நேர் மேலே வையுங்கள். தண்ணீர் டிரம்முக்கும் இதே விதி: 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் மரக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் பொறியாளரைக் கேட்காமல் ஒரு தொட்டிகூட ஏற்ற வேண்டாம். கான்கிரீட் வீட்டிலும் உள்கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மாடி ஒழுகாதா?

நல்ல நிலையில் உள்ள தளம் தோட்டத்தால் மட்டும் ஒழுகுவதில்லை. பையின் அடியில் ஈரம் காயாமல் மாதக்கணக்கில் நிற்பதால்தான் ஒழுகுகிறது. பையைத் தட்டு ஓட்டின் மேலேயே வைத்தால் அடியில் பாசி பிடிக்கும், ஓடுகளின் இணைப்பு இளகும், அந்த வழியாக வேர் இறங்கும். தளத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து அதன் மேல் பையை வைப்பது இன்னும் மோசம். ஷீட்டுக்கு அடியில் போன தண்ணீர் வெளியே வரவே வராது.

பையைத் தளத்திலிருந்து குறைந்தது 6 அங்குலம் தூக்கி வையுங்கள். இரும்பு ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் புஷ் போட்டால் ஓடு கீறாது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஹாலோ பிளாக்கின் மேல் பழைய பிவிசி குழாய்களை வரிசையாக அடுக்கினால் போதும். அடியில் துடைப்பம் நுழைய வேண்டும், அதுதான் சரியான உயரத்துக்கு அடையாளம். மழைநீர்க் குழாயின் வாயில் ஒரு கம்பி வலையைப் பொருத்தி வாரம் ஒருமுறை சருகை அள்ளுங்கள்.

பந்தல் கால் நடுவதற்காகத் தளத்தில் துளை போடவே கூடாது. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் குழாயை நிறுத்தி ஜல்லி, சிமென்ட் போட்டு இறுக்கினால் பந்தல் கால் தயார்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது. ஏதாவது வளருமா?

நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். ஆறு மணி நேரம் இருந்தால் காய்கறி. மூன்று நான்கு மணி நேரம் என்றால் கீரை, புதினா, வெற்றிலை, கற்பூரவல்லி. அதற்கும் கீழே என்றால் காய்க்கு ஆசைப்பட வேண்டாம். செடி வளரும், நீண்டு ஒல்லியாக நிற்கும், காய்க்காது.

பால்கனி எந்தத் திசை என்பதும் மாதத்துக்கு மாதம் கணக்கை மாற்றும். சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் தெற்கு பார்த்த பால்கனியில் நேர் வெயிலே விழாது. மார்கழியில் அதே பால்கனிக்குள் வெயில் நன்றாக உள்ளே வரை வரும். ஆகவே தெற்குப் பால்கனிக்காரர்கள் ஐப்பசி முதல் மாசி வரை தக்காளி, மிளகாய் வைக்கலாம், ஆனி ஆடியில் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம். கிழக்குப் பால்கனி ஆண்டு முழுவதும் கீரைக்கு அருமை. மேற்குப் பால்கனியின் மாலை வெயில் கடுமையானது. அங்கே சுவரும் சூடாகிச் செடியை வாட்டும். தொட்டியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள்.

எந்த அளவுப் பை வாங்க வேண்டும்?

கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளிக்கு 12×12. பையில் ஒரு செடி. வெண்டை என்றால் இரண்டு தாங்கும். தக்காளிக்கு 15×15 கிடைத்தால் இன்னும் நல்லது, சுமார் 38 லிட்டர் பிடிப்பதால் வெயில் நாளில் வாடாது. புடலை, பீர்க்கன், சுரை, பாகலுக்கு 18×18 இல்லாமல் தொடங்க வேண்டாம். சின்னப் பையில் வைத்த சுரை நாலு காயோடு மஞ்சளாகிவிடும். கீரைக்கு ஆழம் தேவையில்லை, அகலம் வேண்டும்: 24 அங்குல விட்டம், 8 அல்லது 9 அங்குல உயரம். 9×9 பை புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும்தான்.

யூவி தாங்கும் எச்டிபிஇ பிளாஸ்டிக் நெசவுப் பை, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு வருடம் உழைக்கும். மெல்லிய கறுப்பு பாலித்தீன் பை வெயிலில் வெடிக்கும், உள்ளே வேரும் வேகும். அரிசிச் சாக்கு ஒரு கோடையிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்து பிளாஸ்டிக் இழைகளை மண்ணில் கலக்கும். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பெயின்ட் பக்கெட் வலுவானது. நன்றாகக் கழுவி, அடிப்பகுதியிலும் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டிலுமாக எட்டுத் துளை போடுங்கள். துளை சுண்டுவிரல் நுழையும் அளவு இருக்க வேண்டும்.

மண் கலவை எப்படி?

கொள்ளளவில் செம்மண் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. ஒரு 12×12 பைக்கு ஆறு ஆறு லிட்டர். அதோடு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், வேர் நோயைத் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 10 கிராம், உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம் 10 கிராம், பாஸ்போபாக்டீரியா 10 கிராம். புட்டுக்கு மாவு பிசையும் பதத்தில் தண்ணீர் தெளித்துக் கலந்து, நிழலில் ஈரச் சாக்கால் மூடி 10 நாள் வைத்து, பிறகு நிரப்புங்கள். உடனே நட்டால் புண்ணாக்கு மக்கும் சூட்டில் நாற்றின் வேர் கருகும்.

எடை குறைய வேண்டும் என்று நார்க்கழிவை மட்டும் நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். முதல் மாதம் செடி செழிப்பாக நிற்கும், பிறகு வெளிறிவிடும். நார்க்கழிவில் கார்பன் நூறு பங்குக்கு மேல் என்றால் நைட்ரஜன் ஒரு பங்குதான். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். எடை நிஜமாகவே பிரச்சினை என்றால் மண்ணைப் பாதியாகக் குறைத்து மண்புழு உரத்தைக் கூட்டுங்கள், மண்ணே இல்லாமல் செய்யாதீர்கள்.

களிமண்ணோ வீடு இடித்த மண்ணோ வேண்டாம். தொழு உரத்தை வாங்கும்போது கையில் அள்ளிப் பாருங்கள். சாணி வாடை வந்தாலோ கை சுட்டாலோ இன்னும் மக்கவில்லை. பச்சைச் சாணத்தோடு வெள்ளை வண்டுப் புழுக்களும் சேர்ந்து மாடி ஏறும்.

நார்க்கழிவுக் கட்டியைக் கழுவத்தான் வேண்டுமா?

ஆமாம். 5 கிலோ கட்டியை 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் போட்டால் அரைமணியில் உடைந்து 60 லிட்டருக்கு மேல் பெருகும். மட்டையை ஊறவைக்கும் இடத்து உப்பு அதில் இருக்கும். ஒரு சாக்கில் கட்டித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, டிகாக்ஷன் நிறத்தில் வரும் தண்ணீர் வெளிறும் வரை மூன்று முறை அலசுங்கள். 'லோ ஈசி' (உப்பு குறைவு) என்று அச்சிட்ட கட்டிக்கு ஒருமுறை போதும்.

எந்த மாதம் எதை விதைப்பது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடி முதல் வாரத்தில் வெண்டை, கொத்தவரை, காராமணி, கொடிக் காய்கள் விதைத்தால் புரட்டாசி முடிவதற்குள் நல்ல அறுவடை எடுத்துவிடலாம். ஐப்பசி மழை தொடங்கும்போது செடியும் ஓய்ந்திருக்கும்.

மழைக்காலத்தில் திறந்த வெளியில் கீரை விதைக்காதீர்கள், ஒரே மழையில் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். அந்த வாரங்களில் கூரைக்கு அடியில் குழித்தட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைகோஸ் நாற்று தயார் செய்யுங்கள். கார்த்திகை பிற்பகுதியில் நட்டால் பனிக்காலம் முழுவதும் அதற்குச் சொர்க்கம். சென்னையில் தக்காளிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. முள்ளங்கி, பீட்ரூட்டும் மார்கழி குளிரில் நன்றாக வரும். கேரட் சுமாராகத்தான் வரும். முட்டைகோஸ் ஒரு பையை மூன்று மாதம் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு காய் கொடுக்கும்.

தை பட்டத்தில் மறுபடி வெண்டை, கத்தரி, கொடிகள். சித்திரையில் புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பதைக் காப்பாற்றுங்கள். தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மட்டும் அந்த வெயிலைத் தாங்கும்.

முதல் தடவை எதை வைக்கலாம்?

வெண்டை ஆறு பை, கத்தரி இரண்டு, மிளகாய் இரண்டு, அகலமான கீரைப் பை இரண்டு. இந்தப் பன்னிரண்டை மூன்று மாதம் பார்த்துக்கொண்ட பிறகு கொடிக்குப் போங்கள். முதல் நாளே ஐம்பது பை இறக்கினால் கோடையில் தினமும் 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்க வேண்டிவரும். பாதிப் பேர் அந்தக் கட்டத்தில்தான் தோட்டத்தைக் கைவிடுகிறார்கள்.

சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை 30 நாளில் முதல் அறுப்பு அறுத்தால் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாதக்கணக்கில் துளிர்க்கும். வெண்டை 45 நாளில் முதல் காய் தரும், அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் காய் முற்றி நாராகியிருக்கும், செடியும் அடுத்த பூவை நிறுத்தியிருக்கும்.

கீரை விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

பெரும்பாலும் எறும்பு. விதைத்த அன்றே வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். பையைச் சுற்றி, பைக்கு வெளியே, ஒரு கைப்பிடி ரவையைத் தூவுங்கள். முளைக்கும் வரை எறும்புக்கு அதுவே வேலை.

எறும்பு இல்லையென்றால் ஆழம். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அதை நாலு பங்கு மணலோடு கலந்து பரவலாகத் தூவி, மேலே அதே கலவையைச் சல்லடையில் சலித்து அரை சென்டிமீட்டர் மட்டும் மூடுங்கள். குடத்தால் ஊற்றாமல் பூவாளியால் தெளியுங்கள். முளைவிடும் வரை ஈரத் துணியோ செய்தித்தாளோ மேலே கிடக்கட்டும். வெள்ளை முளை கண்ணில் பட்ட அன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

கொத்தமல்லியைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். மளிகைக் கடை தனியா பழையதாக இருந்தால் முளைக்காது. வெண்டை விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?

ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரமாக ஒட்டினால் இன்று வேண்டாம். பனிக்காலத்தில் 12×12 பைக்கு அரை லிட்டர், காய்க்கும் பருவத்தில் ஒரு லிட்டர், கோடையில் ஒன்றரை லிட்டரைக் காலையும் மாலையுமாகப் பிரித்து. வெயிலில் மதியம் இலை தொங்குவதைப் பார்த்து ஓடிப்போய் ஊற்ற வேண்டாம், மாலையில் தானாக நிமிர்ந்தால் செடிக்குக் குறையில்லை. மாலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை. மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகல்.

ஊற்றிய உடனே அடியில் எல்லாம் ஓடிவிடுகிறது என்றால் மண் காய்ந்து பையின் ஓரத்தை விட்டு விலகியிருக்கிறது. நடுவில் கைவைத்துப் பார்த்தால் தூசியாக இருக்கும். அரை லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொட்டுநீர் போடுவதுதான் வழி. 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாய், அதிலிருந்து பைக்கு ஒரு 4 மில்லிமீட்டர் மைக்ரோ டியூப், முனையில் மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர். இருபது நிமிடம் திறந்தால் பைக்கு 650 மில்லி. குழாய்த் தொட்டி ஐந்தாறு அடி உயரத்தில் மட்டும் இருந்தால் கடைசிப் பைகளுக்குச் சொட்டு மெதுவாகத்தான் வரும். வரிசையைச் சின்னதாகப் பிரியுங்கள். போர் தண்ணீர் என்றால் ஃபில்டர் கட்டாயம், டிரிப்பரை மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. செடி தாங்குமா?

கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 450 பிபிஎம்முக்குக் கீழே கவலை இல்லை. 2000-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் மட்டும் ஊற்றிக் காய்கறி எடுக்க முடியாது. நடுவில் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் பையில் உப்பு தங்கிக்கொண்டே போகும், தண்ணீர்தான் ஆவியாகும். இலையின் ஓரம் பழுப்பாகக் கருகுவதும், பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூப்பதும் அதன் அடையாளம். மாதம் ஒருமுறை ஒரு 12×12 பைக்கு 15 முதல் 20 லிட்டர் மெட்ரோ தண்ணீரையோ மழைநீரையோ மெதுவாக விட்டு அலசுங்கள். சத்தும் கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், மறுநாள் மண்புழு உரம் ஒரு கை போட்டுவிடுங்கள்.

பீன்ஸ், கேரட் உப்பைத் தாங்காது. பீட்ரூட் நன்றாகத் தாங்கும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதை ஊற்ற வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

என்ன உரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நட்டு 15 நாள் கழித்துத் தொடங்குங்கள். 20 நாளுக்கு ஒருமுறை பைக்கு மண்புழு உரம் 100 கிராம், வேப்பம் புண்ணாக்கு 20 கிராம், மேல் மண்ணைக் கிளறிவிட்டுத் தூவி மூடுங்கள். 10 நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கரைசல்: கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, 10 லிட்டராக்கி, பைக்கு கால் லிட்டர். அல்லது பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. அல்லது மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். காய்ந்த மண்ணில் கரைசல் ஊற்றினால் வேர் சுடும்; முதலில் வெறும் தண்ணீர், பிறகு கரைசல்.

கரும்பச்சையாக, ஆளுயரம் வளர்ந்து பூவே வைக்காத கத்தரியைப் பார்த்து மேலும் உரம் போடுகிறார்கள். அதற்கு நைட்ரஜன் அளவுக்கு மேல் போய்விட்டது. ஒரு மாதம் புண்ணாக்கை நிறுத்துங்கள்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் தக்காளியின் அடிக் கருப்பு போகும் என்று நம்பாதீர்கள். ஓடு கரைய மாதங்கள் ஆகும். அடிக் கருப்பு பெரும்பாலும் ஒருநாள் காயவிட்டு ஒருநாள் ஊற்றுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் வருவது. தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்த கொத்து சரியாக வரும்.

பூ கொட்டுகிறது, பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது.

தக்காளி என்றால் சூடு. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் செயலிழக்கும். பங்குனிக்குப் பிறகு அதை எந்தக் கரைசலும் மாற்றாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிகேஎம் 1 ஓரளவு தாங்கும்.

கொடிகளில் பிஞ்சு விழுவது மகரந்தச் சேர்க்கை நடக்காததால். நாலாவது மாடிக்குத் தேனீ குறைவாகத்தான் வரும். கையால் செய்துவிடலாம், ஆனால் நேரம் தெரிய வேண்டும்: பாகல், பரங்கி விடியற்காலையில் மலரும், சுரை, புடலை, பீர்க்கன் மாலை மங்கும் நேரத்தில். காலை எட்டு மணிக்குப் போய்ச் சுரைப் பூவைத் தேடினால் வாடியிருக்கும். பெண் பூவின் காம்பில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. ஆண் பூவைக் கிள்ளி இதழை உரித்து, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் சூலகமுடியில் மென்மையாகத் தடவுங்கள். முதல் பத்து நாள் ஆண் பூ மட்டுமே வரும், அது இயல்பு.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம்தான் எல்லாம் இருக்கும்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ மூன்றுக்கும் வேப்பெண்ணெய் பொருந்தும். லிட்டர் தண்ணீருக்கு எண்ணெய் 5 மில்லி. முதலில் எண்ணெயைக் காதி சோப்புக் கரைசல் 2 மில்லியோடு நன்றாக அடித்துக் கலந்து, பிறகு தண்ணீரில் விடுங்கள். தண்ணீர் பால் போல வெளுக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும்போது அப்படியே தெளித்தால் இலை வெந்துவிடும். மாலை ஐந்துக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறை. மாவுப்பூச்சியைப் பார்த்தால் கூடவே எறும்பு ஓடுகிறதா என்று கவனியுங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைச் செடிக்குச் செடி சுமந்து காவல் காக்கும்; எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சி போகாது. ஸ்டாண்டின் கால்களில் கிரீஸ் தடவுங்கள்.

கத்தரியின் நுனி மட்டும் வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளந்து புழுவைக் கொல்லுங்கள். குப்பையில் போட்டால் அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலை போலத் தெரிந்தால் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது. மனம் இரங்காமல் பிடுங்கிவிடுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐஐஎச்ஆர்) அர்க்கா அனாமிகா போன்ற தாங்கும் ரகத்தை அடுத்த முறை தேர்ந்தெடுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறியை இலை உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பாகல், புடலையில் பழ ஈ குத்தினால் காய் கோணி அழுகும். பிஞ்சு சுண்டுவிரல் நீளம் வந்ததும் காகித உறை மாட்டிவிட்டால் போதும்.

கோடையில் நிழல்வலை வேண்டுமா?

பங்குனி முதல் ஆனி வரை வேண்டும். 50 சதவீதப் பச்சை வலை, தலைக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில், பக்கங்கள் திறந்தபடி. ஆடியில் கழற்றிவிடுங்கள். ஆண்டு முழுவதும் வலைக்கு அடியில் இருக்கும் தோட்டம் இலையாக வளரும், காய்க்காது. மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போட்டால் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த ஊர் இது. கைப்பிடிச் சுவரின் மேல் உள்ள தொட்டிகளை முதலில் இறக்குங்கள், அவை கீழே போகிறவர் தலையில் விழும். நிழல்வலையைக் கழற்றுங்கள், பந்தலில் கொடி காய்த்திருந்தாலும் காயைப் பறித்துவிட்டு வலையை அறுத்து விடுங்கள். இல்லையென்றால் பந்தலோடு காற்று இழுக்கும். பைகளை ஒரு மூலையில் நெருக்குங்கள், ஆனால் அந்த மூலை சுவருக்கு நேர் மேலே இருக்கட்டும். மழைநீர்க் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். மழை விட்ட பிறகு இலை மஞ்சளாவது சத்து கரைந்து போனதால். அரை அளவு புண்ணாக்குக் கரைசல் கொடுத்தால் ஒரு வாரத்தில் திரும்பும்.

கொசு வருமா? பக்கத்து வீட்டார் புகார் சொல்கிறார்கள்.

மண்ணில் வராது, தேங்கிய தண்ணீரில்தான் வரும். பையின் அடியில் தட்டு வைக்காதீர்கள், டிரம்மை வலைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், காலிப் பக்கெட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு ஒரு மூடியளவு நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். மாநகராட்சிப் பணியாளர்கள் மாடிக்கு வந்து பார்ப்பதும் இதைத்தான்.

பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

கட்டாயம். கொட்டி, வேரைப் பொறுக்கி, நல்ல வெயிலில் ஒரு வாரம் காயவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு புதிய மண்புழு உரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து 10 நாள் ஈரத்தில் வைத்தால் தயார்.

வேரைப் பொறுக்கும்போது அதில் மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. காராமணி வேரிலும் முடிச்சு இருக்கும், அது நல்லது. விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது. அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, வெண்டை வேண்டாம். ஒரு பருவம் செண்டுமல்லி வையுங்கள். மற்ற பைகளில் கத்தரிக்குப் பிறகு காராமணி, அதற்குப் பிறகு கீரை என்று மாற்றிக்கொண்டே வாருங்கள்.

சமையலறைக் கழிவிலிருந்து உரம் எடுக்கலாமா?

பக்கவாட்டில் துளையிட்ட பக்கெட்டில் காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு பங்கு, மாற்றி மாற்றிப் போடுங்கள். தொடக்கத்தில் புளித்த மோர் ஒரு டம்ளர். வாரம் இருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் மண்வாசனை வரும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அவை வேலையைத்தான் செய்கின்றன. குழம்பு, எண்ணெய், மீன் முள் போட்டால் எலி வரும்.

விதையும் பயிற்சியும் எங்கே கிடைக்கும்?

தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி, மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் (கிட்) கொடுத்துவருகிறது. பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பம் சார்ந்த பூச்சி மருந்து எல்லாம் ஒரே கட்டில் வரும். உள்ளடக்கமும் விலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கிண்டியில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையம் மாடித்தோட்டப் பயிற்சி நடத்துகிறது.

விதைப் பாக்கெட்டில் பரிசோதித்த தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாட்டு விதையிலிருந்து நீங்களே விதை எடுக்கலாம்: செடியில் இரண்டாவது மூன்றாவது காயை முற்ற விட்டு, நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து பாட்டிலில் மூடுங்கள். வீரிய ஒட்டு விதை என்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது, அதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும்.